ரெஸ்டிங் எக் கேள்வி வந்தா முட்டை ஓட்டை மட்டும் எழுதாதீங்க

சுங்கை சிப்புட் பக்கத்துலேர்ந்து அக்குவாட்டிக் பயாலஜி எடுத்துருக்குற தம்பி தங்கச்சிங்க சிலர் கேட்டதால இத எழுதுறேன். ரெஸ்டிங் எக், அதாவது கெட்ட காலத்த தூங்கியே கடத்துற முட்டை, குளம் வத்துனாலும் உறைஞ்சாலும் எப்படி சாகாம இருக்குதுங்கறதுதான் கேள்வி. இதுக்கு முக்காவாசி பேரு "ஓடு கெட்டி, அதனால சாகல"ன்னு முடிச்சிடுறாங்க. அது பாதிதான்லா. முட்டை எப்ப உருவாகுது, எப்ப முழிக்குதுன்னு எழுதுனாதான் பதில் நிக்கும்.

குளத்து தண்ணியில நீந்துற பொடி ஜீவன் டாப்னியாவையே எடுத்துக்குங்க. நல்ல காலத்துல ஆண் இல்லாமலே பெருகும், கூட்டம் கூடி சாப்பாடு குறைஞ்சு பகலும் சுருங்குனா ஆண் பிறக்கும், அதுக்கப்புறம் வர்ற முட்டை, பெரும்பாலும் ரெண்டு, தாயோட முதுகு ஓட்டுலேர்ந்தே உருவான எஃபிப்பியம்ங்கற பைக்குள்ள போயிடும். பை கைட்டின்ங்கற கெட்டிப் பொருளால ஆனது, அதோட கறுப்புக்கு காரணம் மெலனின்ங்கற நிறமி. பகல் சுருங்குறதெல்லாம் குளிர் நாட்டு ஏரிக்கு, மலேசியாவுல நம்ம பேராக்ல பகல் பெருசா மாறாது, அதனால நம்ம எஸ்டேட் குளத்த அதுக்கு உதாரணமா போட்டுடாதீங்க.

உள்ள கரு கொஞ்சம் வளர்ந்து அப்படியே நின்னுடும், அதான் டையபாஸ். காய்ஞ்சாலும் உறைஞ்சாலும் தாங்கும், பறவை வயித்துக்குள்ள போயி உயிரோட வெளிய வர்றதும் உண்டு. தண்ணி வந்தாலும் உடனே பொரிக்காது, வெளிச்சமும் சூடும் சரியா அமையணும். ஆழமா சேத்துல புதைஞ்சது வெளிச்சம் படாம அப்படியே கெடக்கும், இதான் எக் பேங்க். எல்லாம் ஒண்ணா பொரிச்சு குளம் மறுபடி வத்துனா வம்சமே காலி, இபிஎஃப் காச மொத்தமா எடுத்து செலவழிச்ச கணக்குதான்.

உதாரணம் கேட்டா அமெரிக்காவுல மின்னசோட்டா ஏரி சேத்துலேர்ந்து சுமார் 700 வருஷ பழைய டாப்னியா முட்டைய பொரிக்க வச்சத எழுதுங்க, ஆய்வு வெளிவந்தது 2014ல. முட்டை காயும்போது ட்ரெஹலோஸ்ங்கற சர்க்கரை உள்ள இருக்குற செல்லை காப்பாத்துறதுக்கு ஆர்ட்டீமியாங்கற பொடி இறால்தான் எல்லாரும் எழுதுற உதாரணம், ஆனா அது உப்பு ஏரி ஜீவன், கேள்வியில நன்னீர்னு இருந்தா அதையும் ஒரு வரி சொல்லிடுங்க.

மனப்பாடம் ஏறலனா காஞ்ச குளத்து மேல் மண்ண கொஞ்சம் அள்ளி மழைத்தண்ணி ஊத்தி ஜன்னல் ஓரமா வச்சு பாருங்க, அதிர்ஷ்டம் இருந்தா சில நாள்ல ஏதாச்சும் நீந்தும். வலையால மூட மறக்காதீங்க, ஏடிஸ் கொசு உள்ள வளர்ந்தா ஃபைன் வரும்.