"அதாம்பா நின்னுச்சு"

ரெசிடென்சியில், அதாவது கலைஞர்கள் சில காலம் தங்கிப் படைப்பு செய்யும் இடத்தில், இருக்கும் கலைஞர் பாதியில் நிற்கும் வேலையை ஊர்க்காரர்கள் முன்னால் செய்து காட்டும்போது, அதற்குப் பிறகான பேச்சை நடத்தும் நெறியாளருக்குப் பெரும்பாலும் வாயை அடைக்கிற வேலைதான். முதலில் கலைஞரின் வாயை. விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.

அந்தப் பேச்சுக்கு நாங்கள் பின்பற்றுவது, அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் உருவாக்கிய நாலு கட்ட முறை. முதலில் பார்வையாளர்கள் மனதில் நின்றதைச் சொல்வார்கள். அடுத்து கலைஞர் கேள்வி கேட்பார். மூன்றாவதில் பார்வையாளர்கள் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. 'ஏன் இவ்ளோ மெதுவா?' என்பது தீர்ப்பு. 'வேகத்தை எப்படி முடிவு பண்ணீங்க?' என்பது கேள்வி. கருத்து கடைசியில்தான், அதுவும் அனுமதி கேட்டு. கலைஞர் வேண்டாம் என்றும் சொல்லலாம். சுண்டல் இதெல்லாம் முடிந்த பிறகே; முன்னால் கொடுத்தால் கூட்டம் கலைந்துவிடும்.

அன்றைக்கு ஒரு பெண் காலி பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையைக் குறுக்கே கடந்தபடி இருந்தார். முடிந்ததும் முதல் வரிசையிலிருந்த ஆயா, "நெறகொடத்த யாரும் இப்படித் தூக்கமாட்டாங்க கண்ணு, இடுப்பு சாயவே இல்லியே" என்றார்.

"ஆயா, அதைக் கடைசியில சொல்லலாம். இப்ப மனசுல நின்னது மட்டும்."

"அதாம்பா நின்னுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்தவரிடம் போனேன். நாலாவது கட்டத்தில் கூப்பிட்டபோது, "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டார்.

முறைப்படி ஆயாவை நிறுத்தியதுதான் சரி. முதலில் பேசுகிறவர் போட்ட தடத்திலேயே மற்றவர்களும் போவார்கள். மிச்ச நேரம் முழுக்கக் குடப் பேச்சாகியிருக்கும். தவிர, குடம் காலியாக இருப்பதே அந்தப் படைப்பின் நோக்கமாக இருக்கலாம்.

ஆனால் ஆயா சொன்னது கருத்துதானா? பதினைந்து லிட்டர் குடம் நிறைந்தால் பதினைந்து கிலோவுக்கு மேல். இடுப்பு ஒரு பக்கம் தள்ளும், எதிர்க்கை தானாக விரியும், பாதம் தட்டையாக விழும். அது தகவல். நாலு கட்டத்தில் தகவலுக்கு இடம் எது? நியூயார்க் ஜட்சன் தேவாலயத்தில் மூவ்மென்ட் ரிசர்ச் என்ற நடன அமைப்பு 1991 முதல் திங்கட்கிழமைகளில் இப்படிப்பட்ட வேலைகளை இலவசமாகக் காட்டிவருகிறது. அங்கே பார்க்க வருகிறவர்களில் பலர் ஆடுகிறவர்கள்; ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். இங்கே வருகிறவர்கள் குடம் சுமந்தவர்கள்.

நிரப்பச் சொல்வதும் லேசில்லை. முக்கால் குடம் நிறைகுடத்தைவிட அதிகமாகத் தளும்பும், சிமெண்ட் தரை வழுக்கும். சாக்கு விரித்தால் காலடிச் சத்தம் போய்விடும், மைக் வயரையும் தரையிலிருந்து தூக்கிக் கட்ட வேண்டும். கலைஞர் இதையெல்லாம் யோசித்துத்தான் காலிக் குடம் எடுத்தாரா என்று கேட்கும் கேள்வியும் மூன்றாவது கட்டத்துக்கு உரியது. யாரும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் முதல் கட்டத்துக்கு முன்னால் விதியில்லாத ஐந்து நிமிடம் விடுகிறோம். பெரும்பாலும் அதை ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், 'இதனால் சமூகத்துக்குச் சொல்ல வரும் செய்தி என்ன?' என்று கேட்டே முடித்துவிடுகிறார். ஆயாக்கள் வாயே திறப்பதில்லை. அந்த ஐந்து நிமிடத்தை எடுக்கவும் மனமில்லை. வாத்தியாருக்குக் கடைசி வரிசையில் நாற்காலி போட்டுப் பார்க்கிறோம்.