1959ல அந்த ரிவால்வர் வெடிக்காம போயிருந்தா

போன வாரம் ஹட்டன்ல விடாத மழ, கரண்டும் இல்ல, அப்பாயியும் நானும் அடுப்படியில உக்காந்து பேசிக்கிட்டு இருந்தப்ப பேச்சு எப்படியோ அந்தக் காலத்து இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காகிட்ட போயிருச்சு. அப்ப அப்பாயிக்கு 17 வயசு. தேயிலத் தோட்டத்துல வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுல கணக்கப்புள்ள சொல்லித்தான் தெரியுமாம், "பெரிய மந்திரிய ஹாமதுரு ஒருத்தரு சுட்டுட்டாரு"ன்னு. ஹாமதுருன்னா புத்த பிக்கு, அவரு எப்படி சுடுவாருன்னு யாருமே நம்பலயாம். அன்னைக்கு ராத்திரி லயத்துல, அதாவது தோட்டத் தொழிலாளிங்க வீட்டு வரிசையில, எல்லாரும் பயந்து கதவ அடைச்சுக்கிட்டாங்களாம், 58ல தமிழருக்கு எதிரா நடந்த கலவரம் முடிஞ்சு ஒன்றர வருஷம் கூட ஆகல இல்லையா.

அதுல இருந்து எனக்கு தூக்கமே சரியா இல்ல, அந்த ஒரு காலைய நினைச்சுக்கிட்டே இருக்கேன். 1959 செப்டம்பர் 25. கொழும்பு ரோஸ்மீட் பிளேஸ் வீடு. தன்னைப் பாக்க வந்த ஜனங்கள பிரதமர் பாத்துக்கிட்டு இருக்காரு, தல்துவே சோமராம தேரர்னு ஒரு கண் வைத்தியரும் அங்க வந்திருக்காரு, பிரதமர் அவர கும்பிட குனியுறாரு, அப்ப தேரர் சுடுறாரு. அடுத்த நாள் பண்டாரநாயக்கா செத்துட்டாரு. சாகுறதுக்கு முன்னாடி, சுட்டவன பழிவாங்காதீங்க, இரக்கம் காட்டுங்கன்னு ஜனங்ககிட்ட கேட்டுக்கிட்டாரு. அந்த வார்த்தைக்காக அவர் மேல எனக்கு இன்னைக்கும் மரியாத இருக்கு. குனிஞ்ச அந்த நேரத்துல ரிவால்வர் வெடிக்காம போயிருந்தா?

முதல்ல மாறுறது அவரோட மனைவி சிறிமாவோ. புருஷன் சாகலன்னா அவங்க அரசியலுக்கு வந்திருக்கவே மாட்டாங்கன்னு தான் நினைக்கிறேன். 1960 ஜூலையில உலகத்துலயே முதல் பெண் பிரதமரா ஆகியிருக்கவும் மாட்டாங்க. அப்ப 1964 அக்டோபர் 30ல டெல்லியில இந்தியப் பிரதமர் சாஸ்திரியோட ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டிருப்பது யாரு? எங்க வீட்டுக்கு கேள்வியே இதுதான். அந்த ஒப்பந்தத்துல, இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்க மலையகத் தமிழர்ல 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர பத்தி அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டாங்க. 7 பேரு அங்க போனா 4 பேருக்கு இங்க பிரஜாவுரிமை, அதான் கணக்கு. கொழுந்து நிறுக்கிற மாதிரி மனுசங்கள நிறுத்தாங்க, எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல.

அந்த 7ல ஒருத்தரு அப்பாயியோட தம்பி. அப்பா அம்மா இல்லாம அப்பாயி தூக்கி வளத்த தம்பி. அவரு கல்யாணம் கட்டுன வீட்டுல இந்தியாவுக்கு எழுதிட்டாங்க, அப்பாயி பக்கம் இலங்கைக்கு எழுதிட்டாங்க, அவ்வளவுதான், ஒரே லயத்து காம்பராவுல பொறந்த ரெண்டு பேரு ரெண்டு நாட்டுக்காரங்களா ஆயிட்டாங்க. 73, 74 பஞ்சத்துக்கு அப்புறம் அவருக்கு பாஸ்போட்டு வந்துருச்சு. ஹட்டன் ஸ்டேஷன்ல கோச்சி ஏறுனாங்க, தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், கடைசியா நீலகிரியில கோத்தகிரி பக்கம் டேன்டீங்கிற தமிழ்நாட்டு அரசு தேயிலத் தோட்டம். அங்கயும் கொழுந்துதான். ஊர்க்காரங்க அவங்கள கூப்பிட்ட பேரு "சிலோன்காரங்க".

பண்டாரநாயக்கா பொழைச்சிருந்தா இது நடந்திருக்காதுன்னு சொல்ல எனக்கு ரொம்ப ஆச. ஆனா சொல்ல முடியல. 1948ல எங்க பிரஜாவுரிமைய பறிச்ச சட்டம் வந்தப்ப அதே மந்திரிசபையில அவரும் உக்காந்திருந்தாரு. 1957 ஜூலையில தமிழர் தலைவர் செல்வநாயகத்தோட ஒப்பந்தம் போட்டாரு, அதுல எங்க பிரஜாவுரிமைய சீக்கிரம் கவனிக்கிறதா ஒரு பேச்சும் இருந்துச்சு, ஆனா 58 ஏப்ரல்ல பிக்குமாரு வீட்டு வாசல்ல வந்து உக்காந்ததும் அத கைவிட்டுட்டாரு. நெனப்பு இருந்துச்சு, நின்னு தாங்குற தெம்பு இல்ல. உயிரோட இருந்தாலும் கூட்டணி மந்திரிசபையில இருந்து இடதுசாரி மந்திரி பிலிப் குணவர்தன ஏற்கனவே வெளிய போயாச்சு, 61 தேர்தல்ல ஜெயிச்சிருப்பாரான்னே சந்தேகம். தோத்திருந்தா எதிர்க்கட்சி டட்லி சேனநாயக்கா வந்திருப்பாரு, அவரும் எங்கள வெளிய அனுப்புற பேச்ச விட்டிருக்க மாட்டாரு.

இன்னொரு பக்கம் நேரு இருக்காரு. நேரு உயிரோட இருந்த வரைக்கும் இவ்வளவு பெரிய எண்ணிக்கைய வாங்கிக்க ஒத்துக்கவே இல்ல, இங்கயே பொறந்து வளந்தவங்க இந்த நாட்டுக்காரங்கன்னு தான் அவரோட நெனப்பு. அவரு செத்தது 1964 மே 27, அஞ்சே மாசத்துல கையெழுத்து. நேருவும் பண்டாரநாயக்காவும் ஒருத்தர ஒருத்தர் நல்லா புரிஞ்சவங்க, அணிசேராக் கொள்கையில ஒண்ணா நின்னவங்க. பிக்குமாரு சத்தம் கொஞ்சம் அடங்குன ஒரு வருஷத்துல, எண்ணிக்க போடாம, பொறந்த மண்ண வச்சு பேசி முடிச்சிருக்கலாமோ? 59 செப்டம்பர்ல இருந்து 64 மே வரைக்கும் நாலு வருஷமும் எட்டு மாசமும். அந்த இடைவெளியத்தான் நான் திரும்ப திரும்ப தடவிப் பாக்குறேன், அதுல ஒரு சின்ன வழியாவது தெரியுதான்னு.

1947ல எங்க ஆளுங்க 7 பேரு பாராளுமன்றத்துல இருந்தாங்க. அந்த ஓட்ட மட்டும் புடுங்காம விட்டிருந்தா யாரு செத்தாலும் யாரு பொழைச்சாலும் எங்ககிட்ட கேட்டுத்தான் ஆகணும். அத புடுங்குனது தோட்டா இல்ல, சட்டம். இத அப்பாயிகிட்ட அரை மணி நேரம் விளக்கிச் சொன்னேன், டட்லி, நேரு, சாஸ்திரி எல்லாம். அவங்க விறகத் தள்ளி விட்டுக்கிட்டே கேட்டாங்க, "அப்ப தம்பி இங்கயே இருந்திருப்பானா?"

"தெரியல அப்பாயி."

அவங்க ஒண்ணும் சொல்லல. எழும்பி போயி தேத்தண்ணிக்கு கேத்தல வச்சாங்க. தம்பி செத்து ஏழு வருஷம் ஆச்சு, கோச்சி ஏறுனதுக்கு அப்புறம் ரெண்டு பேரும் நேர்ல பாத்துக்கவே இல்ல.