11 எம்பியைத் தாண்டாத காப்பி

கிருஷ்ணகிரியில் மாமாவின் போட்டோ ஸ்டுடியோவுக்கு நான்தான் சம்பளமில்லாத சிஸ்டம் அட்மின். கீழே கடையில் ஒரு சர்வர், மாடியில் பேக்கப்புக்கு ஒன்று. இரண்டும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பொறுக்கிய பழைய ஆபீஸ் பிசிக்கள், டெபியன் லினக்ஸ் ஓடுகிறது.

வைகாசி முகூர்த்தங்கள் முடிந்ததும் 380 ஜிபி கல்யாண வீடியோவை ஆர்சிங்க் என்கிற காப்பி புரோகிராமில் மேலே அனுப்பினேன். நொடிக்கு 11.2 எம்பி. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒன்பதரை மணி நேரம் ஆகும். போன தடவை இதே அளவு மூன்று மணி நேரத்துக்குள் முடிந்தது.

அந்த எண்ணைப் பார்த்ததுமே பொறி தட்டியிருக்க வேண்டும், லைன் 1000 மெகாபிட்டுக்கு (கிகாபிட்) பதில் 100-ல் ஓடுகிறது என்று. எட்டு பிட் ஒரு பைட். 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 எம்பி, ஒவ்வொரு பாக்கெட்டின் ஹெடருக்கும் போனது போக 11 சொச்சம். ஆனால் நான் எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, 9000 பைட் ஆக்கினேன். மலிவு ஸ்விட்ச், அவ்வளவு பெரிய பாக்கெட்டை (ஜம்போ ஃப்ரேம்) எடுக்காது; சர்வருக்குள் நுழைகிற, ஆர்சிங்க்கும் போகிற என்கிரிப்ட் பண்ணின வழியான எஸ்எஸ்எச்சும் தொங்கிவிட்டது. இரண்டு ராத்திரி பாழ்.

மூன்றாம் நாள்தான் ஐபெர்ஃப்3 ஓட்டினேன். டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். 94 மெகாபிட். லிங்க் வேகத்தைக் காட்டும் ஈத்டூலில் பார்த்தால் மேல் சர்வர் 1000, கடை சர்வர் 100. கடையிலிருந்து மாடி ஸ்விட்ச்சுக்கு வருகிற கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன். இரும்பு ஜன்னல் சட்டத்தில் ஓரிடம் தட்டையாக நசுங்கியிருந்தது.

"அன்னிக்கு மழைக்காத்துல படார் படார்னு அடிச்சிக்கிச்சுடா, நான்தான் இழுத்து மூடினேன்" என்றாள் அக்கா.

உறையைக் கீறினால் நீலக் கம்பி அறுந்து கிடக்கிறது. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். அதனால்தான் லிங்க் சாகாமல் நொண்டியிருக்கிறது. மாடிப் பக்கம் மிச்சம் சுருட்டி வைத்திருந்தேன். நசுங்கின இடத்தோடு வெட்டிப் புது ஆர்ஜே45 கனெக்டரை அழுத்திப் பொருத்தினேன் (கிரிம்ப்). நீலம் நாலாவது, வெள்ளை-நீலம் ஐந்தாவது. முதல் தடவை இரண்டையும் மாற்றிச் செருகி ஒரு கனெக்டர் வீண்.

இப்போது ஐபெர்ஃப்பில் 941 மெகாபிட். ஆனால் ஆர்சிங்க் 38 எம்பியில் நின்றது. எது எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாப் கமாண்டில் பார்த்தால், எஸ்எஸ்எச் பிராசசர் கோர் ஒன்றை முழுசாகத் தின்கிறது. என்கிரிப்ஷன் இந்தக் கிழட்டு பிராசசருக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குள்தானே என்று என்கிரிப்ஷன் இல்லாமல் 873 போர்ட்டில் ஓடுகிற ஆர்சிங்க் டீமனுக்கு (பின்னணியில் ஓடும் சேவை) மாற்றியதும் 95 எம்பி. அதற்கு மேல் ஹார்ட் டிஸ்க் விடவில்லை.

கேபிளுக்குச் சுவரில் தனித் துளை போட மாமா சம்மதிக்கவில்லை, போன மாதம்தான் பெயின்ட் அடித்தாராம். ஜன்னல் இடுக்கில் இப்போதைக்கு ஒரு மரக்கட்டை.