பன்னிரண்டு வரிப் பாடம்

ஆறாம் வகுப்புக்கான ஆங்கிலத் துணை வாசிப்புப் பாடங்களை ஆசிரியர்களே எழுத வேண்டும் என்று வட்டார வள மையப் பயிற்சியில் வலியுறுத்தியவன் நான். வந்தவற்றுள் சிறந்தது என்று ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்தவனும், பின்னர் அதையே தொகுப்பிலிருந்து நீக்கியவனும் நான்தான் என்பதால், இதில் பழியைப் பகிர்ந்துகொள்ள வேறு யாரும் இல்லை.

மன்னார் வளைகுடாக் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஓர் இளம் ஆசிரியை எழுதிய பாடம் அது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளிப் பையில் சேர்க்கும் தாயைப் பற்றி மகள் சொல்வதாக, எளிய பன்னிரண்டு வரிகளில் அமைத்திருந்தார். கஞ்சிப்பாசி, கட்டக்கோரை ஆகிய பாசிப் பெயர்களை மொழிபெயர்க்காமல் ஆங்கில எழுத்தில் அப்படியே விட்டிருந்தார். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பிள்ளைகளின் பன்மொழித் திறனை வகுப்பறையின் வளமாகக் கொள்ளச் சொல்கிறது என்று நான் ஆண்டுக்கணக்கில் பேசி வந்ததை, அவர் அரைப் பக்கத்தில் செய்து காட்டிவிட்டார்.

வகுப்பில் அதை வாசித்த ஒரு சிறுமி, 'மை மதர்' என்று இருந்த இடங்களில் எல்லாம் 'மை ஆன்ட்டி' என்று வாசித்தாள். கவனப் பிழை என்று எண்ணித் திருத்தினேன். தாளைப் பார்த்தபடியே மறுபடியும் 'ஆன்ட்டி' என்றாள்.

அவளுடைய தாய் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தார். பாடத்தை ஆர்வத்தோடு தமிழில் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாசி எடுக்கிறத எம்புள்ளைக்கு நான் தமிழ்லயே சொல்லிருவேன் சார். எடுத்த பாசிய வாங்கிட்டுப் போறவங்க என்ன பேசுறாங்க, என்ன எழுதுறாங்க, அதச் சொல்லிக் குடுங்க."

அன்று மாலையே பாடத்தை நீக்கினேன். கடலை விட்டு மகள் வெளியேறுவதற்காகவே ஆங்கிலம் வேண்டும் என்று ஒரு தாய் நினைக்கையில், அதே கடலை ஆங்கிலத்தில் அவள் முன் வைப்பது நம் ஆசையே தவிர அவர்கள் தேவை அன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிறுமியின் கூச்சத்தையும் அதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். இப்போதும் அந்த வாதத்தை முற்றிலும் தவறு என்று தள்ள மனம் வரவில்லை.

ஆனால், அவர் பாடத்தை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. பாசியை வாங்குகிறவர்களின் பேச்சைக் கேட்டார். அதாவது, பாடம் நின்ற இடத்திலிருந்து மேலே போகச் சொன்னார். பண்பாட்டுக்கு இயைந்த கற்பித்தல் பற்றி 1995இல் எழுதிய அமெரிக்கக் கல்வியாளர் குளோரியா லாட்சன் பில்லிங்ஸ் அதற்கு மூன்று அளவுகோல்களைச் சொன்னார்: மாணவர் கல்வியில் தேறுவது, தம் பண்பாட்டைக் கைவிடாதிருப்பது, சமூக ஏற்றத்தாழ்வைக் கேள்வி கேட்கப் பழகுவது. மூன்றையும் பயிற்சிதோறும் பலகையில் எழுதியிருக்கிறேன். எங்கள் பாடத்தில் துணி சுற்றிய விரல்கள் இருந்தன. எடைக்கல் இல்லை, விலை இல்லை, விலையைச் சொல்லும் ஆள் இல்லை. பார்க்க அழகாக இருந்தது. (அழகாக இருந்ததால்தான் தேர்ந்தெடுத்தேனோ என்ற ஐயம் இப்போது எழுகிறது.) பாடத்தை நீக்குவதற்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது, விலையை எழுத வேண்டுமானால் கரையில் போய் நின்று கேட்டிருக்க வேண்டும்.

ஆசிரியையிடம் "பெற்றோர் விரும்பவில்லை" என்று மட்டும் சொன்னேன். அந்தத் தாய் சொன்ன சொற்களை அப்படியே சொல்லியிருந்தால் ஆசிரியையே அடுத்த பகுதியை எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன், எழுதாமலும் போயிருக்கலாம். "சரிங்க சார்" என்றார். அதன் பிறகு அவர் அனுப்பியவை எல்லாம் இணையத்திலிருந்து எடுத்த பயிற்சித் தாள்கள். குறையொன்றும் சொல்ல முடியாதவை; ஆப்பிள் பறிக்கும் பிள்ளைகள் அவற்றில் வருகிறார்கள்.

பதின்மூன்றாம் வரியாக, கிலோ என்ன விலை என்று கேட்கும் ஒரு வாக்கியத்தை நானே எழுதிப் பார்த்தேன். அதைக் கேட்பவர் தாயா, மகளா, 'ஆன்ட்டி'யா என்பதில் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். அந்த ஆசிரியையிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். கேட்பதென்றால், அன்று கூட்டத்தில் நடந்ததை முதலில் நான் சொல்லியாக வேண்டும்.