கணக்குப் பார்த்த பிறகுதான் மன்னிப்பு

"மறந்துடும்மா, ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாப் போயிடும்." ஒன்பது வருஷம் இதையே கேட்டேன். சபையில் சொன்னார்கள், சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் முழங்கால் போட்டு ஜெபித்துப் பார்த்தேன். மறக்கவே இல்லை.

விஷயம் வீடுதான். தண்டையார்பேட்டையில் அப்பா ஹார்பர் சம்பளத்தில் கட்டின சின்ன வீடு. அப்பாவுக்குப் பின்னால் அம்மாவும் போய்ச் சேர்ந்த வருஷம் அண்ணன் ஒரு பத்திரத்தோடு வந்தார். "பேங்க் லோனுக்குத்தான் பாப்பா, ஒரு கையெழுத்து." சார்பதிவாளர் ஆபீசில் போட்டோ எடுத்தார்கள், விரல் ரேகை வைத்தேன், படித்துப் பார்க்கவில்லை, கூடப்பிறந்தவன் நீட்டுகிற காகிதத்தை யார் படிப்பார்கள்? அது விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம். கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. அந்தப் பங்கை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பது வீடு கைமாறின பிறகுதான் தெரிந்தது.

அதோடு பேச்சு நின்றது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலில், இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் வருகிற "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று எல்லோரும் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். பல வாரம் அந்த ஒரு வரியில் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பைபிளில் மத்தேயு 18-ம் அதிகாரத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். எத்தனை தரம் மன்னிக்கணும், ஏழு தரமா என்று பேதுரு கேட்கிறார் (கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்பார்களே அவர்தான், எங்கள் ராயபுரத்துக்கே அவர் பெயர் என்பார்கள்). ஏழெழுபது தரம் என்கிறார் இயேசு. இதை எல்லோரும் பிரசங்கிக்கிறார்கள். அடுத்து வருகிற உவமை எப்படி ஆரம்பிக்கிறது பாருங்கள்: ராஜா முதலில் தன் வேலைக்காரர்களிடம் கணக்குப் பார்க்கிறார். ஒருவன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து என்று தொகை வெளியே வருகிறது, அப்புறம்தான் மன்னிப்பு. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, அப்படியானால் 6 கோடி நாள் கூலி! மன்னிப்புப் பெற்றவன் வெளியே போய்த் தன்னிடம் கடன்பட்ட இன்னொரு வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்தது 100 வெள்ளிப்பணத்துக்கு. அது ஒன்றுமில்லாத காசு என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, 100 நாள் கூலி, மூன்று மாதத்துக்கு மேல் ஒரு குடும்பத்தின் சாப்பாடு. எனக்கு வரவேண்டியது நிஜமான கடன்தான் என்று ஆண்டவரே ஒத்துக்கொள்கிற மாதிரி இருந்தது. அன்றைக்கு அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அதே அதிகாரத்தில் 15-ம் வசனம், உன் சகோதரன் குற்றஞ்செய்தால் தனியாகப் போய் அவனுக்கே உணர்த்து என்கிறது. நான் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தேன், அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை.

போன வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். காசிமேடு கல்லறையில் நான் சாமந்தியோடு போனபோது அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்து சட்டையை மடித்துவிட்டு அம்மா அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். புறங்கையெல்லாம் வெள்ளைத் துளி, விரல் நடுங்கியது, அப்பா பெயரில் சுண்ணாம்பு படாமல் எழுத்து எழுத்தாகச் சுற்றிப் பூசினார்.

"அண்ணா, நீ என்னை ஏமாத்திக் கையெழுத்து வாங்கினே. என் பங்கு எனக்கு வரலை."

சுண்ணாம்பு மட்டை நின்றது. ரொம்ப நேரம் கழித்து, "அப்போ என் நெலமை அப்படி பாப்பா" என்றார். அவ்வளவுதான். நான் எதிர்பார்த்தது இது இல்லை. ஆனால் பொய் சொல்லவில்லை, மறுக்கவில்லை. "சரி, அந்தக் கணக்கை நான் இனிமேல் கேட்க மாட்டேன்" என்றேன். சொல்லி முடிக்கும்வரை சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

மன்னித்தால் பழையபடி எல்லாவற்றையும் ஒப்படைக்கணும் என்கிறவர்களுக்கு: தன்னை ஏமாற்றின தம்பி யாக்கோபை ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டு இருவரும் அழுதார்கள், ஆதியாகமம் 33. ஆனால் அப்புறம் ஏசா சேயீருக்கும் யாக்கோபு சுக்கோத்துக்கும் தனித்தனியாகத்தான் போனார்கள். உங்களை அடித்தவர், பிள்ளைகளிடம் தப்பாக நடந்தவர் என்றால் மன்னித்தாலும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகாதீர்கள், யார் வசனம் காட்டிக் கூப்பிட்டாலும் சரி.

போன மாதம் அண்ணன் ஒரு கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டார். "முடியாதுண்ணா" என்றேன். முகம் சுருங்கியது, ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து காசிமேட்டில் சங்கரா வாங்கி, அம்மா வைக்கிற மாதிரி மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி கதவைத் திறந்து, உள்ளே திரும்பி, "பாப்பா வந்திருக்கு, தட்டு எடுத்து வைங்க" என்றார்.