மேசைக்கு முன்னால் ஒரு கதிரை

மட்டக்களப்பு மாவட்டத்தில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தராக நான் கடமையேற்ற முதல் வருடத்தில், நிறுவனங்கள் மேசை போட்டு நேரில் ஆள் தெரிவுசெய்யும் தொழிற்சந்தை ஒன்று நகரில் நடந்தபோது, அதற்கு எங்கள் பிரிவு இளைஞர் யுவதிகளை அழைத்துவரும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. கிராம உத்தியோகத்தர்களிடம் சொல்லி, கோயில் ஒலிபெருக்கிகளில் அறிவிக்கச் செய்து, விளையாட்டுக் கழகங்களின் வட்ஸ்அப் குழுக்களில் அறிவித்தலைப் போட்டு, எண்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து சேர்த்தேன். அவர்களுள் மண்டூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு யுவதியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்தவர். விடியற்காலையில் புறப்பட்டு, பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து நகருக்கு வந்திருந்தார். ஒன்பது மேசைகளில் ஒன்பது சுயவிபரக்கோவைகளைக் கொடுத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் முடிவதற்குள் வாசலுக்கு வந்து, "எல்லா இடத்திலயும் குடுத்திட்டன் மிஸ், மறுகா கூப்பிடுவாங்களாம்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அந்த ஒன்பதில் எந்த நிறுவனம் என்ன வேலைக்கு ஆள் எடுக்கிறது என்று கேட்டேன். ஒன்றைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. பின்னர் எவரும் அவரைக் கூப்பிடவும் இல்லை.

குறை அவரிடம் இல்லை. வேலை தேடுவது என்றால் விண்ணப்பிப்பது என்றே எங்கள் பிள்ளைகளுக்குப் பழகியிருக்கிறது. வர்த்தமானியில் அறிவித்தல் வரும்; படிவத்தை நிரப்பிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பரீட்சைக்கோ நேர்முகத்துக்கோ அழைப்பு வரும்வரை காத்திருப்பார்கள். அரச உத்தியோகத்துக்கான அந்த வழியில், அழைப்பு வரும்வரை விண்ணப்பதாரி வாய்திறக்க வேண்டிய தேவை எழுவதில்லை. தொழிற்சந்தைக்கும் அதே பழக்கத்தோடு வந்து, கோவையைக் கொடுத்ததும் கடமை முடிந்தது என்று திரும்பிவிடுகிறார்கள். ஆனால், ஆளைத் தெரிவுசெய்யும் அதிகாரம் உள்ள ஒருவர் கொழும்பிலிருந்தோ கட்டுநாயக்க வர்த்தக வலயத்திலிருந்தோ நமது ஊர் தேடி வந்து, ஒரு நாள் முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்திருப்பதுதான் தொழிற்சந்தையின் பயன். அவரோடு பேசாமல் வருவதென்றால், அந்தத் தாளைத் தபாலிலேயே அனுப்பியிருக்கலாம்.

எங்கள் ஏற்பாடும் அந்தப் பழக்கத்துக்குத் துணைபோயிருந்தது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். நிறுவன அதிகாரிகளுக்குக் கதிரைகள் போட்டிருந்தோம். மேசைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. வந்த பிள்ளைகள் தபாற்கந்தோரில் முத்திரை வாங்க நிற்பவர்களைப் போல வரிசையில் நின்று, தாளை நீட்டிவிட்டு விலகினார்கள்.

அடுத்த முறை தொழிற்சந்தைக்குப் பத்து நாட்களுக்கு முன்னரே வேலையைத் தொடங்கினேன். வரவிருக்கும் நிறுவனங்கள், அவை ஆள் எடுக்கும் பதவிகள், எதிர்பார்க்கும் தகைமைகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் பிள்ளைகளை இருத்தி, ஒவ்வொருவருடைய சுயவிபரக்கோவையையும் அவர்களோடு சேர்ந்து வாசித்தேன். பெரும்பாலானவை கொமினிகேஷன் கடையில் ஒரே அச்சில் அடித்துக் கொடுக்கப்பட்டவை. சமயம், உயரம், தந்தையின் தொழில் எல்லாம் இருந்தன. அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும் என்பது மட்டும் இருக்கவில்லை. மின்னஞ்சல் முகவரியைக் கடைக்காரரே திறந்து கொடுத்திருந்ததால், கடவுச்சொல் தெரியாதவர்கள் பலர். நேர்முகத்துக்கான அழைப்பு அந்த முகவரிக்குப் போயிருந்தால் யார் பார்த்திருப்பார்கள்?

ஒரு தம்பி "அனுபவம்: இல்லை" என்று எழுதியிருந்தார். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர். நாட்கள் எப்படிப் போகின்றன என்று கேட்டேன். மாமாவின் தோணி எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவது தான்தான் என்றும், ஊரில் வேறு நான்கைந்து பேருடைய எஞ்சின்களையும், போகம் வெட்டும் காலத்தில் தண்ணீர்ப் பம்பிகளையும் உழவு இயந்திரங்களையும் திருத்திக் கொடுப்பதாகவும் சொன்னார். எத்தனை வருடமாக என்று கேட்டபோது, "ஆறு வருசம் இருக்கும் மிஸ்" என்றார். ஆறு வருட அனுபவத்தை "இல்லை" என்று ஒரு பிள்ளை எழுதியிருப்பதைப் பார்க்க எனக்கு மனம் கனத்தது. நியமனக் கடிதம் இல்லாத வேலையை வேலை என்று நாங்களே மதிக்காததால்தான் அவரும் மதிக்கவில்லை. எந்த எஞ்சின், என்ன பழுது, மாதத்தில் எத்தனை என்று அவருடைய கோவையில் நான்கு வரிகள் சேர்த்தோம். வகுப்புக்குப் போகாமல் தொழில் செய்தே பழகியவர்களும், அந்தத் திறனை மதிப்பீட்டுக்கு உட்படுத்தி என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. ஏழு மட்டங்கள் கொண்ட அந்த முறையில் முதல் நான்கும் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழாவது பட்டத்துக்குச் சமமானது. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையினூடாக மதிப்பீட்டுக்குப் போகும் வழியையும் அவருக்குக் காட்டினேன்.

மொழி இன்னொரு தடை. மேசைக்குப் பின்னால் இருப்பவர் பெரும்பாலும் சிங்களத்தில் பேசுபவர். ஆங்கிலம் ஓரளவு செல்லும். தமிழில் தெளிவாகப் பேசக்கூடிய பிள்ளை அந்த இடத்தில் ஊமையாகிவிடுவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். முழு மொழியையும் பத்து நாளில் கற்க முடியாது. தன் பெயர், ஊர், படித்தது, செய்யத் தெரிந்தது, கேட்கவேண்டியது ஆகியவற்றைச் சிங்களத்தில் ஏழெட்டு வசனங்களாகத் தயார்செய்து, ஒருவருக்கு முன் ஒருவர் அமர்ந்து சொல்லிப் பழக முடியும். எங்கள் அலுவலகத்தில் அம்பாறையிலிருந்து வந்து கடமையாற்றிய சிங்களச் சகோதரி ஒருவர் இரண்டு பின்னேரங்கள் தம் நேரத்தை ஒதுக்கி, அதிகாரியாக நடித்துக் கேள்வி கேட்டார். பிழையாகப் பேசினாலும் ஆள் நிமிர்ந்து பேசுகிறாரா என்றுதான் தாம் பார்ப்பேன் என்று அவர் சொன்னது பிள்ளைகளுக்கு நான் கொடுத்திருக்கக்கூடிய எந்த ஆலோசனையையும்விட அதிகம் உதவியது.

சந்தை நாளில் எதையும் கொடுப்பதற்கு முன் ஒருமுறை மண்டபத்தைச் சுற்றிவந்து, மூன்று மேசைகளை மட்டும் தெரிவுசெய்யுங்கள் என்று சொல்லியிருந்தேன். இம்முறை மேசைகளுக்கு முன்னால் கதிரைகளும் இருந்தன. அமர்ந்ததும் பேச்சு நீண்டது. சம்பளத்தை எப்படிக் கேட்பது என்பதையும் பழக்கியிருந்தோம். மாதம் 50,000 ரூபாய் என்று சொல்லப்பட்டால், அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மேலதிக நேரக் கொடுப்பனவு எவ்வளவு என்று பிரித்துக் கேட்கவேண்டும். அடிப்படை 30,000 ரூபாய், மிகுதி மேலதிக நேரம் என்றால், ஊழியர் சேமலாப நிதிக்கு அந்த 30,000 ரூபாயில் 8 வீதமாக 2,400 ரூபாய் சம்பளத்தில் கழியும். தொழில்தருநர் 12 வீதமாக 3,600 ரூபாயும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமாக 900 ரூபாயும் தம் கையிலிருந்து செலுத்தவேண்டும். மேலதிக நேரம் இல்லாத மாதத்தில் கைக்கு வருவது என்ன என்பது, போர்டிங் வாடகை கட்டவேண்டிய பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு முகவர் நிலையங்களின் மேசைகளைப் பற்றி ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் குறித்துக்கொள்ளாமல் பேச்சைத் தொடரவும் வேண்டாம், கடவுச்சீட்டையோ மூலச் சான்றிதழ்களையோ அங்கேயே விட்டுவிட்டு வரவும் வேண்டாம்.

அன்று கேட்கப்பட்டவற்றுள் மிகச் சிறந்த கேள்விகளை ஒரு தாய்தான் கேட்டார். மகளை ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் மேசையில் இருத்திவிட்டுப் பின்னால் நின்றவர், குனிந்து, "புள்ள தங்குற இடத்தில கிணறா, பைப்பா? ராவேலை முடிஞ்சா ஆரு கூட்டிக்கொண்டு வந்து விடுவாங்க?" என்று கேட்டார். அருகில் நின்ற நான் மொழிபெயர்த்தேன். அதிகாரியிடம் உடனடியான பதில் இருக்கவில்லை. தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்துச் சொன்னார். மகளுக்குக் கிடைத்த அந்தப் பதிலைச் சூழ நின்ற மற்றப் பெண்களும் கேட்டுக்கொண்டார்கள். பெற்றோர் கூட்டமாக வருவது சந்தைக்கு இடைஞ்சல் என்று அதுவரை எண்ணியிருந்தேன். அன்றிலிருந்து அப்படி எண்ணுவதில்லை.

அந்த ஆண்டுகளில் நான் செய்த இன்னொரு தவறையும் சொல்லவேண்டும். சந்தை முடிந்ததும் பதிவுசெய்தோர் எத்தனை, தெரிவானோர் எத்தனை என்று அறிக்கை எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். தெரிவானவர்களில் பலர் ஓரிரு மாதங்களில் திரும்பி வந்திருந்ததைத் தற்செயலாகத்தான் அறிந்தேன். போர்டிங் வாடகை கட்ட முடியாமல் வந்தவரும், சொல்லப்பட்ட வேலை ஒன்று, கொடுக்கப்பட்ட வேலை வேறு என்று வந்தவரும் இருந்தார்கள். தைப்பொங்கலுக்கு விடுமுறை கேட்டுச் சண்டைப்பட்டு வந்தவரும் ஒருவர். இப்போது சந்தை நாளன்று மாலையே, யாரோடு பேசினார்கள், என்ன சொன்னார்கள், எப்போது தொடர்புகொள்ள வேண்டும் என்பதைக் கொப்பியில் எழுதச் சொல்கிறேன். ஒரு வாரத்துக்குள் அழைப்பு வராவிட்டால் தாங்களே எடுத்துக் கேட்கிறார்கள். மூன்று மாதம் கழித்து ஒவ்வொருவரையும் நான் அழைக்கிறேன். வாவியோரத்துச் சில கிராமங்களில் சிக்னல் கிடைப்பது சிரமம் என்பதால், கோவையில் வீட்டாரின் இலக்கம் ஒன்றையும் சேர்க்கச் செய்திருக்கிறேன்.

கட்டுநாயக்கவில் எட்டு மாதம் வேலைசெய்துவிட்டுத் திரும்பிய ஒரு தங்கை, அடுத்த சந்தைக்கான ஆயத்தக் கூட்டத்துக்கு வர இசைந்திருக்கிறார். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். முதல் சம்பளம் கைக்கு வரும்வரை ஒரு மாதத்துக்கு எவ்வளவு காசு கொண்டுபோக வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்வேன், அதைத் தனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்றார். அதற்குக் கரும்பலகை வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். மண்டபப் பொறுப்பாளரிடம் கரும்பலகைக்கும், பெற்றோருக்கான இருபது கதிரைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.