மாசமா இருக்கும்போது பிரஷர் ஏறினா, புள்ளையோட ரத்தக்குழாய்க்கும் அது போகும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இருக்குற நம்ம பொண்ணுங்களுக்காகத்தான் இத எழுதுறேன். கர்ப்பத்துல பிரஷர் ஏறினா "பிரசவம் ஆனா எறங்கிரும்"னு பெரியவங்க சொல்லிட்டு விட்டுர்றாங்க, அம்மாவுக்கு பல சமயம் எறங்கும்தான், ஆனா அந்த புள்ளைய யாருமே யோசிக்கிறதில்ல, எனக்கு அதுதான் தாங்கல.

20 வாரத்துக்கு மேல பிரஷர் 140/90-ஐ தொட்டு யூரின்ல புரதமும் போச்சுன்னா ப்ரீ எக்லாம்சியாங்கறாங்க. நஞ்சுக்கொடி சரியா வேல செய்யாம, ரத்தக்குழாய் வளர்றத தடுக்குற ஒரு புரதத்த அம்மா ரத்தத்துல அதிகமா விடுது. ஆக்ஸ்ஃபோர்டுல இந்த மாதிரி அம்மாக்களோட பச்சப்புள்ளைங்கள பாத்திருக்காங்க, பொறந்து மொத மூணு மாசத்துல தோல்ல இருக்குற நுண்ணிய ரத்தக்குழாய்ங்க மத்த புள்ளைங்கள விட இவங்களுக்கு அதிகமா கொறஞ்சு போகுது, தொப்புள்கொடில எடுத்த செல்லுங்க லேப்ல புது குழாய் கட்டுறதும் கம்மியா இருந்திருக்கு. இப்படி பொறந்து வளந்த புள்ளைங்களுக்கு பிரஷர் மத்த புள்ளைங்கள விட சராசரியா 2 பாயிண்ட் கூட. சின்ன நம்பர்தான், ஆனா ஃபின்லாந்துல இப்படி பொறந்தவங்கள வயசாகுற வரைக்கும் பாத்ததுல பக்கவாதமும் அதிகம் வந்திருக்கு. எல்லா புள்ளைக்கும் வரும்னு அர்த்தமில்ல, பயப்படாதீங்க.

விடாத தலவலி, கண்ணு மங்கல், மேல்வயிறு வலின்னா ராத்திரின்னும் பாக்காம ஆஸ்பத்திரிக்கு போங்க. மொத பிரசவத்துல இந்த ப்ரீ எக்லாம்சியா வந்திருந்தா அடுத்த தடவ மூணாம் மாசத்துலயே டாக்டர்ட்ட சொல்லுங்க, கம்மி டோஸ் ஆஸ்பிரின் வேணுமான்னு அவங்க பாப்பாங்க, நீங்களா வாங்கி போடாதீங்க. புள்ளையோட ஃபைல்லயும் எழுதி வைக்கச் சொல்லுங்க, பெருசானா வருஷம் ஒருக்கா அதுக்கும் பிரஷர் பாக்கணும்.